ஆளுக்கொரு பக்கம்

மார்ச் 3

அண்ணா,

நீ போனை எடுப்பதில்லை. ஆனால் உன் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருக்க உன்னால் முடியாது, எனக்குத் தெரியும். முகவரியைத் தந்தவர் நாம் வேலை செய்த அச்சகத்துக்குத் தாள் கொண்டுவரும் லாரி டிரைவர். உன்னை ஒரு கிடங்கு வாசலில் பார்த்தாராம். "என்னைக் கண்டதும் உங்க அண்ணன் பெட்டிக்குப் பின்னால ஒளிஞ்சிட்டாரு. அந்த நெட்டைக்கு எந்தப் பெட்டி மறைக்கும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், அவர் சிரித்ததால்.

கடிதம் எழுதச் சொன்னது என் கைக்குப் பயிற்சி தரும் பிசியோ அக்கா. வலது கை எழுதும்போது இடது கை தாளை நகராமல் பிடிக்க வேண்டும், அது ஒரு பயிற்சி. வரிகள் கோணலாக இருந்தால் குடித்துவிட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. தாள் நகர்கிறது.

தாள் வெட்டும் கட்டிங் மிஷினில் என் இடது கை போன மூன்றாம் வாரம் நீ போய்விட்டாய். அதனால் கை நிலவரத்தை நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு நின்றுவிட்டன. கட்டை விரலைத் தைத்து ஒட்டினார்கள். அது அசைகிறது, ஆனால் எதையும் உணர்வதில்லை. ஊசியால் குத்தினார்கள், ஐஸ் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் விரல் மாதிரி அது பாட்டுக்கு இருந்தது. உண்மையைச் சொன்னால் நான் முழுக்கவே அப்படித்தான் இருக்கிறேன். எழுகிறேன், பல் துலக்குகிறேன், அம்மா தட்டில் வைப்பதைச் சாப்பிடுகிறேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நான்கு மாதம் ஆகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். "வீட்ல ஃபுட்பால் வீடியோ கேம் இருக்கா?" என்று பிசியோ அக்கா கேட்டார். பரண்மேல் நம்முடைய பழையது இருக்கிறது என்றேன். "அதை எடு. கட்டை விரலுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஓடுற ஆட்டம் வேணாம், ஃப்ரீ கிக் மட்டும் அடி. பந்து சும்மா நிக்கும், யாரும் உன்னை அவசரப்படுத்த மாட்டாங்க. ஒரு நாளைக்கு முப்பது."

அங்கேதான் சிக்கல். அந்த கன்ட்ரோலரின் இடது பக்கத்தை நான் என் வாழ்நாளில் தொட்டதில்லை. இருந்தது ஒரே கன்ட்ரோலர். நாம் போட்ட சண்டையில் அம்மா கரண்டியோடு வந்து, "ஆளுக்கொரு பக்கம் பிடிங்க. இன்னொரு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரையும் அதோட சேர்த்து வெளிய போட்டுடுவேன்" என்று சட்டம் போட்டாளே, அன்றிலிருந்து இடது பக்கம் உன்னுடையது, வலது பக்கம் என்னுடையது. நீ இடது பக்கத்து ஸ்டிக்கால் குறி வைப்பாய், நான் வலது பக்கத்துப் பட்டனை அழுத்துவேன். இப்போது இரண்டையும் நானே செய்ய வேண்டும்.

நீ எப்படிக் குறி வைப்பாய்? அதை மட்டும் எழுது. வீட்டுக்கு வா என்று நான் கேட்கவில்லை.

அம்மா இன்னும் மூன்று தட்டுதான் எடுக்கிறாள். பிறகு ஒன்றைத் திருப்பி வைக்கிறாள்.

வாண்டு


மார்ச் 14

வாண்டு,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். வேலை, பெட்டிகளை ஏற்றி இறக்குவது. இங்கே கத்தி எதுவும் இல்லை. டேப்பைக்கூடப் பல்லால்தான் கடித்து அறுக்கிறேன்.

குறி வைக்கும் முறை இது.

முதலில் சுவராக நிற்பவர்களை எண்ணு. நான்கு பேர் என்றால் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவனின் தலையைப் பிடித்துக்கொள். அவன் தலைக்கு மேலே, ஒரு பந்து அளவு வெளியே தள்ளி ஸ்டிக்கைச் சாய். ஐந்து பேர் என்றால் தூரம் குறைவு என்று அர்த்தம், அப்போது இன்னும் கொஞ்சம் மேலே. பிறகு கோல்கீப்பரைப் பார். அடிப்பதற்குமுன் அவன் ஒரு சின்ன அடி எடுத்து வைப்பான். எந்தப் பக்கம் வைக்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் கடைசி நேரத்தில் லேசாக மாற்று. லேசாக என்றால், மாற்றினாயா இல்லையா என்று உனக்கே சந்தேகம் வர வேண்டும்.

முக்கியமானது, ஸ்டிக்கைச் சாய்த்த பிறகு அப்படியே வை. பந்து கிளம்பும்வரை எடுக்கக் கூடாது. நான் பந்து போன பிறகும் ஒரு நொடி வைத்திருப்பேன். தேவையில்லைதான், பழக்கமாகிவிட்டது.

நீ இதையெல்லாம் கவனித்திருக்க மாட்டாய். உன் கண் எப்போதும் திரைக்குக் கீழே, அடியின் வேகத்தைக் காட்டும் பவர் பார் மேலேயே இருக்கும். கோலைப் பார்க்கிறது என் வேலை.

வேறு எதுவும் கேட்காதே.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

ஆறு நாள், நூற்று எண்பது அடி, ஒரு கோல்கூட இல்லை. முதல் நாள் அடித்ததெல்லாம் கூட்டத்துக்குள் போனது. அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே பார்த்துவிட்டு, "காசு கொடுத்து உள்ள வந்தவங்களைக் கொல்லாதடா" என்றாள். இரண்டாம் நாள் சுவரில் நிற்பவனையே குறிபார்த்து அடித்த மாதிரி அவன் வயிற்றிலேயே பட்டது. கன்ட்ரோலர் பழசு, ஸ்டிக் தளர்ந்துவிட்டது என்று பிசியோ அக்காவிடம் குறை சொன்னேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றார்.

நிஜமான காரணம் வேறு. கட்டை விரல் ஸ்டிக்மேல் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று எனக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளக் குனிந்து விரலைப் பார்க்க வேண்டும். விரலைப் பார்த்தால் கோல் தெரியாது. கோலைப் பார்த்தால் விரல் எங்கே என்று தெரியாது. உன் கடிதத்தைத் திரைக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன், அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு ஆளுக்கு இருக்கிற கண் போதவில்லை.

இனி எழுதப் போவதற்குத்தான் இன்று தாளை எடுத்தேன்.

நேற்று சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்தார். ஏப்ரல் இருபதாம் தேதி தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி வருகிறாராம், கடைசி விசாரணை, அதோடு கோப்பை மூடிவிடுவார்களாம். நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். அதோடு நீ எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலையும் தந்தார். "இடது, வலது பட்டன் இரண்டையும் நான் ஒருவனே அழுத்தினேன். அப்போது தம்பி தாள் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் கை உள்ளே இருப்பதை நான் கவனிக்கவில்லை."

யாரைக் கேட்டு இப்படி எழுதினாய்? ஐந்து வருடத்தில் ஒரு நாளாவது அந்த இரண்டு பட்டனையும் நீ தனியாக அழுத்தியிருக்கிறாயா? இரண்டையும் அழுத்தினால்தான் கத்தி இறங்கும்; அப்போது ஒரு ஆளின் இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்றுதான் அந்தப் பட்டன்களை அவ்வளவு தள்ளித் தள்ளி வைத்திருக்கிறார்கள். நாம்தான் பெரிய புத்திசாலிகள். நீ இடது பக்கம் நின்று ஒன்றை அழுத்துவாய், நான் வலது பக்கம் நின்று மற்றொன்றை. ஆளுக்கொரு கை மிச்சம், தாள் அடுக்க வசதி, வேலை இரண்டு மடங்கு வேகம். "ரெட்டை மாட்டு வண்டி வருதுடோய்" என்று பைண்டிங் ஆட்கள் கேலி செய்வார்கள், நமக்குப் பெருமை தாங்காது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நீ கிளம்பிவிட்டாய். அதனால் உனக்கு வேலை போனது. எனக்கு என்ன நடந்தது தெரியுமா? மிஷின் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி, அச்சுப்பிழை பார்க்கிற மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். பாவப்பட்டவனுக்கு ஒரு நாற்காலி.

நகலைப் படித்தபோது கோபம் வந்தது. நான்கு மாதத்தில் முதல் தடவை. கொஞ்ச நேரம்தான் இருந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது.

வாண்டு


ஏப்ரல் 2

வாண்டு,

இரண்டு பேரும் அழுத்தினோம் என்று எழுதியிருந்தால் விதியை மீறினவர்கள் இரண்டு பேர் என்று ஆகும். உன் கையும் போய், வேலையும் போகும். ஒரு ஆளோடு முடிவது மேல் என்று தோன்றியது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. கையெழுத்தைப் போட்டுவிட்டு அச்சுப்பிழை பார். உனக்கு அது நன்றாக வரும், சின்ன வயதிலிருந்தே அடுத்தவன் தப்பைக் கண்டுபிடிப்பாய்.

அது பொய் என்று நினைக்காதே. உன் கையை எடுத்தது நான்தான். இதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. எழுத உட்கார்ந்தால் எனக்கும் எதுவும் தோன்றுவதில்லை. பெட்டி தூக்கும்போது நன்றாக இருக்கிறது. பெட்டியில் எடை எழுதியிருக்கும், அதை மட்டும் நினைத்தால் போதும்.

என் அறையில் இன்னொருவர் இருக்கிறார், ஒரு கண் ஆஸ்பத்திரியில் காவலாளி. அவரிடம் ஒரு கேம் இருக்கிறது. நீ விரலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டு வாங்கி ஃப்ரீ கிக் அடித்துப் பார்த்தேன். குறியெல்லாம் சரியாகத்தான் வைத்தேன். பந்து ஒருமுறை கோல்கீப்பர் காலடிக்கு உருண்டு போனது, ஒருமுறை வானத்துக்குப் போனது. "தம்பி, நீங்க ஃபுட்பால் ஆடுறீங்களா, பறவை விரட்டுறீங்களா?" என்று அவர் கேட்டார். பட்டனை எப்போது விட வேண்டும் என்று என் வலது கைக்குத் தெரியவில்லை.

எப்போது விடுவாய்? அதை எழுது.

அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணா,

சொல்கிறேன். கவனமாகப் படி, ஏனென்றால் இதில் நான் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது.

பட்டனைக் குத்தாதே. விரலை அதன்மேல் வைத்தபடியே காத்திரு. அழுத்தியதும் பவர் பார் ஏற ஆரம்பிக்கும். முதலில் மெதுவாக ஏறும், பாதிக்குமேல் திடீரென்று ஓடும். பாதியைத் தொட்டதும் விட்டால் பந்து சுவரைத் தாண்டி, இறங்கி, கம்பத்துக்கு உள்ளே போகும். பாதியைக் கண்ணால் பார்த்துவிட்டு விட்டால் தாமதம். பாதி வரப்போகிறது என்று தெரியும்போதே விட வேண்டும். தூரம் அதிகமென்றால் ஒரு மூச்சு கூடுதலாக வை. அவ்வளவுதான் என் வித்தை.

இன்னொன்று. நான் எப்போதும் உனக்குப் பிறகுதான் அழுத்துவேன். நீ குறி வைத்து, ஸ்டிக்கைச் சாய்த்து நிறுத்துவாய். உன் தோள் அசையாமல் நிற்கும். அது எனக்குத் தெரியும், திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. அதற்குப் பிறகுதான் என் முறை. பந்தைக் கிளப்புவது எப்போதும் நான்தான்.

மிஷினிலும் அப்படித்தான், அண்ணா. நீ உன் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாய். நான் இடது கையால் தாளைச் சரிசெய்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, வலது கையால் அழுத்துவேன். கத்தி இரண்டாவது பட்டனுக்குத்தான் இறங்கும். ஐந்து வருடமாக அந்த இரண்டாவது பட்டன் என்னுடையது. யோசித்துப் பார்.

அன்று வெட்ட வேண்டிய கடைசித் தாள்கட்டு அது. ஒரு தாள் துருத்திக்கொண்டு நின்றது. இடது கை அதைத் தள்ளப் போனது. வலது கை, உன் தோள் நின்றுவிட்டது என்று தெரிந்து, தன் வேலையைச் செய்தது. இரண்டும் என் கைகள்தான். ஒன்றையொன்று கேட்கவில்லை. கத்தியை இறக்கியது நான்தான், என் கைமேல் நானே இறக்கினேன். நீ இல்லை.

இது எனக்கு முதல் நாளே தெரியும். ஆஸ்பத்திரியில் சூப்பர்வைசர் வந்து, "என்னப்பா நடந்தது?" என்று கேட்டபோது, "ஞாபகம் இல்ல சார்" என்றேன். ஞாபகம் இருந்தது. சொன்னால் முட்டாள் என்று நினைப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம். நீ கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாய். அதைக் கேட்டுத்தான் நீ எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய் என்று நினைக்கிறேன். மூன்று வாரம் நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இருபதாம் தேதி சொல்லப் போகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. கேட்கிறேன். ஆனால் கேட்கும்போது உள்ளே என்னவோ நடக்க வேண்டுமே, அது நடக்கவில்லை. நடந்த மாதிரி எழுதப் பிடிக்கவில்லை.

வாண்டு


ஏப்ரல் 15

வாண்டு,

நீ முதலில் அழுத்தினாயா, நான் முதலில் அழுத்தினேனா என்று எனக்குத் தெரியாமலா இருக்கும்? உன் பட்டன்தான் கடைசி. அது பைண்டிங் பிரிவில் பூனைக்குக்கூடத் தெரியும். நீ கதவுக்கு உள்ளே என்ன சொன்னாய் என்பதால் நான் போகவில்லை.

நீ பார்ப்பதில்லை. பார்ப்பது என் வேலை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், முதல் கடிதத்திலும் எழுதினேன், நீ அதையும் சரியாகப் படிக்கவில்லை.

அன்று நான் பார்த்தேன். உன் இடது கை கத்திக்கு அடியில் போனதைப் பார்த்தேன். என் விரல் என் பட்டன்மேல் இருந்தது. அதை எடுத்திருந்தால் போதும். நீ எத்தனை தடவை அழுத்தினாலும் கத்தி இறங்கியிருக்காது. எடுக்க நேரம் இருந்தது. பவர் பார் பாதி ஏறுகிற நேரமாவது இருந்தது.

நான் எடுக்கவில்லை. நீ கையை எடுத்துவிடுவாய் என்று நம்பினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நினைக்கவில்லை. அழுத்தினேன், பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தி இறங்கிய பிறகும் ஒரு நொடி பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அதனால் அதிகாரியிடம் எதையும் சொல்லாதே. கையெழுத்தைப் போடு. என் வாக்குமூலத்தில் என்னை உறுத்துகிற பொய் ஒன்றுதான், "கவனிக்கவில்லை" என்றது. அதை உனக்கு மட்டும் திருத்திவிட்டேன்.

இதை எழுதியதும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். இறங்கவில்லை. நாளை காலை இரண்டு லாரி வருகிறது.

அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். மிஷின் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்து இரண்டு பட்டனையும் தொட்டுப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணா அழுத்தினீங்களா? எப்படிப்பா இது தோணுச்சு?" என்று கேட்டார். "சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான் மேடம்" என்றேன். கன்ட்ரோலர் கதையைச் சொன்னேன். அம்மாவின் கரண்டியையும் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், அவர் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில், "ரெண்டு பேர் அழுத்துறதை அஞ்சு வருஷமா யாருமே பார்க்கலையா?" என்று சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டார். மிஷினுக்கு சீல் வைத்துவிட்டார்கள். எனக்கும் மேசை போய்விட்டது. நீ பார்த்தாய் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும்.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் மூன்று தடவையும் வேறு யாருக்கோ வந்தது மாதிரி இருந்தது. நான்காவது தடவை எழுந்து போய்க் குழாயைத் திறந்து, கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து மூடினாள்.

உன்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறது. இல்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் அது என் கை, அண்ணா. அதை நான் பார்த்திருக்க வேண்டும். என் கையையும் சேர்த்து நீயே பார்த்துக்கொள்வாய் என்று ஐந்து வருடம் உன்னிடம் விட்டுவிட்டேன். என்மேலும் கோபம் இருக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உன் பங்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. கோபத்தோடும் ஒரே வீட்டில் இருக்கலாம். வளர்ந்ததே அப்படித்தானே.

இன்று சாயங்காலம் ஒரு கோல் விழுந்தது. முப்பதில் பதினேழாவது. நான்கு பேர் சுவர், கடைசி ஆளின் தலை, ஒரு பந்து அளவு வெளியே. கோல்கீப்பர் வலது பக்கம் அடி வைத்தான், நான் இடது பக்கம் லேசாக மாற்றினேன், மாற்றினேனா என்று எனக்கே சந்தேகம். விரலைக் குனிந்து பார்க்கவில்லை. அது அங்கே இருக்கும் என்று வைத்துக்கொண்டேன். பாதி வருவதற்குமுன் விட்டேன். உள்ளே போனது. இரண்டு பக்கத்தையும் நானே பிடித்து அடித்த முதல் கோல்.

உடனே உனக்குக் காட்ட இடது பக்கம் திரும்பினேன். சோபாதான் இருந்தது. அப்போதுதான் அழுகை வந்தது. கொஞ்சம்தான். பிசியோ அக்காவிடம் சொன்னால் கணக்கில் சேர்த்துக்கொள்வார்.

முதல் கடிதத்தில் வீட்டுக்கு வா என்று கேட்கவில்லை என்று எழுதியிருந்தேன். இப்போது கேட்கிறேன்.

வாண்டு


ஏப்ரல் 28

வாண்டு,

சனிக்கிழமை வண்டி. மதியம் வந்துவிடுவேன். கிடங்கில் சொல்லிவிட்டேன். காவலாளி அண்ணன் தன் கன்ட்ரோலரை எடுத்துப் போகச் சொன்னார், வேண்டாம் என்றேன். நமக்கு ஒன்று போதும்.

வந்ததும் நான் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அம்மா திட்டுவாள், திட்டட்டும். உன் கையைப் பார்க்க வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கிறது, பார்ப்பேன்.

ஒரு மாதமாக வலது பக்கத்தைப் பழகிக்கொண்டிருக்கிறேன். நீ எழுதியபடி விரலைப் பட்டன்மேல் வைத்துக் காத்திருக்கிறேன். முன்பு போல வானத்துக்குப் போவதில்லை. நேற்று பத்தில் மூன்று விழுந்தது.

சோபாவில் இனி இடது பக்கம் நீ உட்கார். குறியை நீ வை, பார்க்கிறதும் நீயே பார். நான் கடைசியில் அழுத்துகிறேன். உன் இடது கை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நீ வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் அழுத்துவேன்.

அம்மாவிடம் தட்டைத் திருப்பி வைக்க வேண்டாம் என்று சொல்.

அண்ணன்